தலைவர் சேர்ட்டுகளை நினைத்துக்கொண்டிருந்தார்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை பல்கலைக்கழகத்திலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. நான் ஓய்வுபெற்று இரண்டு வருஷமாகிறது. அங்கிருந்து அழைப்பு வந்தால் ஒன்றில் யாரோ செத்திருக்க வேண்டும், அல்லது ஏதோ அலுமாரித் திறப்பைக் காணவில்லை என்றிருக்க வேண்டும். இரண்டும் இல்லை. பேசியவர் எங்கள் விவசாயத் துறையின் இப்போதைய தலைவர் கயத்தானோ.

“பேராசிரியை, ஒரு பெரிய சிக்கல். இப்போது கூட்டங்களில் வெர்பாலேயைக் கணினியே எழுதுகிறது.”

வெர்பாலே என்பது கூட்ட அறிக்கை. யார் வந்தார், என்ன சொன்னார், என்ன முடிவானது என்று எழுதி, எல்லாரும் கையொப்பம் வைக்கும் தாள். இத்தாலியில் அது இல்லாமல் ஒரு கதிரையைக்கூட அறை மாற்ற முடியாது.

“நல்ல விஷயம்தானே,” என்றேன்.

“நல்ல விஷயமே இல்லை. நாங்கள் சொல்வதையெல்லாம் அப்படியே எழுதுகிறது!”

குரலில் உண்மையான கலக்கம் இருந்தது. கணினி எழுதுவதை நாகரிகமாகத் திருத்தும் பொறுப்பை அங்கே வேலை செய்யும் எங்கள் தமிழ்ப் பிள்ளை அனுஷ்யாவிடம் கொடுத்திருக்கிறார்களாம். அவளுக்கு அந்தக் கலை போதாதாம். நான் ஒரு நாள் வந்து சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். “உங்களைப் போல எழுத ஒருவரும் இல்லை, பேராசிரியை,” என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் இவர், என் கணவர், குளியலறையிலிருந்து பாதிச் சவரத்தோடு ஓடி வந்தார். “என்னப்பா, உமக்கு விசரே?” என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் கதவைப் பிடித்துக்கொண்டு அவரும் சிரித்தார். ஏன் சிரித்தோம் என்று விளங்க வேண்டுமானால் என் உத்தியோகக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் யாழ்ப்பாணத்தில் தாவரவியல் படித்தவள். இவருக்குப் பின்னால் சிசிலித் தீவில் இருக்கும் பலெர்மோவுக்கு வந்தேன். என் பட்டத்தை ஏற்றுக்கொள்ள, அந்தப் பல்கலைக்கழகம் இன்னமும் இருக்கிறது என்று அந்தப் பல்கலைக்கழகமே எழுதித் தர வேண்டும் என்றார்கள். சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். கடிதம் வர இரண்டு வருஷம் பிடித்தது. அதுவரையும் அதற்குப் பிறகும் மொண்டெல்லோவில் ஒரு சிஞ்ஞோராவின், ஒரு சீமாட்டி அம்மாவின், வீட்டில் சமைத்தேன், துடைத்தேன், அவருடைய நாயைக் கடற்கரையில் நடத்தினேன், மிச்ச நேரத்தில் படித்தேன். கலாநிதிப் பட்டம், ஒப்பந்த வேலை, பிறகு இன்னொரு ஒப்பந்த வேலை. ஐம்பது வயதில் இணைப் பேராசிரியர் ஆனேன். என்னோடு படித்த பெடியங்கள் அந்த வயதில் பேரப்பிள்ளை பார்த்துவிட்டார்கள்.

என் ஆராய்ச்சி, பழம் மரத்தில் எப்போது பழுக்கிறது என்பது. ஊருக்கு வெளியே சியாகுல்லித் தோட்டங்களில் ஒரு வகை மண்டரீனோ, அதாவது சின்னத் தோடம்பழம், இருக்கிறது. மற்ற இனங்களெல்லாம் முடிந்த பிறகு, மாசி பங்குனியில் ஆறுதலாகப் பழுக்கும். அதைப் பற்றி நான் எழுதியதை வாசிக்காமல் இந்தத் தீவில் ஒருவரும் மண்டரீனோ பற்றி எழுத முடியாது. ஆனால் என் துறைக் கட்டடத்தின் வாசல் காவலாளி கடைசி வரைக்கும் கேட்டார், இரண்டாம் மாடிக் கழிவறையில் தாள் வைத்தாயிற்றா என்று. முதல் பத்து வருஷம் விளக்கம் சொன்னேன். பிறகு “ஓம், வைச்சாச்சு” என்று தமிழிலேயே சொல்லிவிட்டுப் போனேன்.

பட்டமளிப்பு நாளில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இங்கே பட்டம் வாங்கும் பிள்ளைக்குத் தலையில் லோரல் இலை வளையம் வைப்பார்கள். குடும்பம் முழுக்கத் திரண்டு வரும். நான் பரீட்சகர் குழுவில் ஒருத்தி. கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு மண்டப வாசலில் நின்றேன். ஒரு அம்மா தன் மேலங்கியைக் கழற்றி என் கையில் தந்தார். நான் வாய் திறக்கும் முன் அவருடைய தமக்கையும் தந்தார். அவர்களைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் தந்தார்கள். ஐந்து நிமிஷத்தில் என் முகம் தெரியவில்லை. மேலே மூன்று இலை வளையம் வேறு. உள்ளே பேராசிரியர்கள் அந்தரப்படுகிறார்கள்: ஒரு உறுப்பினரைக் காணவில்லை, அவர் வராமல் தொடங்க முடியாது. என்னைத் தேட என்னையே அனுப்பப் பார்த்தார்கள். “சிஞ்ஞோரா, விறாந்தையில் ஒரு பேராசிரியர் நிற்கிறாரா என்று பாருங்களேன்.” மேலங்கிக் குவியலுக்குள்ளிருந்து நான் சொன்னேன், “நிற்கிறார்.”

அப்போது பேராசிரியர் கலோஜெரோதான் வந்து என்னை அடையாளம் கண்டார். “பாருங்கள், எங்கள் சிவா எவ்வளவு உதவி செய்கிறார்!” என்று எல்லாருக்கும் காட்டினார்.

கலோஜெரோவைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். அந்த நாளில் அவர்தான் துறையின் தலைவர். குரலை உயர்த்த மாட்டார். பெண்களின் கையை முத்தமிடுவார். கோப்பிக்குக் கூட்டிப்போனால் என் கோப்பிக்கு அவரே சீனி போட்டுக் கலக்குவார், நான் சீனி போட்டுக் குடிப்பதில்லை என்று பத்துத் தரம் சொல்லியும். பச்சை மையில்தான் கையெழுத்து வைப்பார். சிவயோகமலர் கனகசபை என்ற என் பெயரைச் ‘சிவா’ ஆக்கி, அதற்கு முன்னால் ஒரு ‘எங்கள்’ போட்டவரும் அவர்தான். அவரிடம் கோபிப்பது கஷ்டம். கோபித்தால், உடம்பு சரியில்லையா என்று கேட்டு வீட்டுக்குப் பழம் அனுப்புவார்.

நான் பதவி ஏற்ற முதல் கூட்டத்தில் வெர்பாலேத் தாள்களை என் முன்னால் வைத்தார். “எங்கள் சிவாவின் கையெழுத்து அழகு.” அதன்பின் பதினைந்து வருஷம் எந்தக் கூட்டமென்றாலும், எந்தத் தேர்வுக் குழுவென்றாலும் எழுதுவது நான். எழுதுகிறவளுக்குப் பேச நேரம் வராது என்பது எனக்கு மூன்றாம் வருஷத்தில்தான் விளங்கியது.

எழுதும் முறையையும் சொல்கிறேன். முதலில் நேரம், அறை இலக்கம், உறுப்பினர் பெயர். பிறகு பேச்சு. ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் எல்லாரும் கையொப்பம். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: வாசிக்கப்பட்டது, ஏற்கப்பட்டது, கையொப்பமிடப்பட்டது. இந்த மூன்றில் முதலாவது நடந்து நான் ஒருநாளும் காணவில்லை. பேச்சை அப்படியே எழுதுவது முறையல்ல, ‘சாரத்தை’ எழுத வேண்டும். “அந்த மனிதன் ஒரு கழுதை” என்றால் ‘விண்ணப்பதாரரின் அணுகுமுறை மரபானது’ என்று எழுதுவேன். “என் மச்சானுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்” என்றால் ‘நிறுவனத் தேவைகளைக் கருத்தில் கொண்டு’. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை. அதில் நான் கெட்டிக்காரி.

அந்தக் கெட்டித்தனத்தால் ஒரு பாவம் செய்தேன். எரித்திரியாவில் பிறந்த செலாம் என்றொரு பெண் ஒரு விரிவுரைப் பதவிக்கு விண்ணப்பித்தாள். எல்லாரிலும் திறமானவள். கலோஜெரோ பெருமூச்சு விட்டார். “நல்ல பெண். ஆனால் முதல் வருஷப் பிள்ளைகளின் அம்மாமார் என்ன நினைப்பார்கள்?” நான் பேனாவைத் தூக்கிக் கொஞ்ச நேரம் யோசித்து, ‘போதனைத் திறன் இன்னும் முதிர வேண்டியுள்ளது’ என்று எழுதினேன். அழகான வசனம் என்று பாராட்டினார்.

செலாம் அந்தத் தாளோடு என் அறைக்கு வந்தாள். “இதை நீங்கள்தானே எழுதினீர்கள்? எனக்கு எது முதிரவில்லை என்று சொல்லுங்கள், நான் முதிர்த்துக்கொள்கிறேன்,” என்று கேட்டாள். பகிடியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். எது பழுத்தது, எது பழுக்கவில்லை என்று சொல்வதுதான் என் தொழில். அந்தத் தாளை வாங்கி என் வசனத்தையே திரும்ப வாசித்தேன். அவள் வேறு நாட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

சில வருஷம் கழித்து அனுஷ்யா வந்தாள். முழுப் பெயர் மேரி அனுஷ்யா அந்தோனிப்பிள்ளை. மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பம், பிறந்தது பலெர்மோவில். தகப்பன் சியாகுல்லியில் பழம் பிடுங்குகிறவர். அங்கே மண்டரீனோ மரங்களின் வேர் அழுகுவதைச் சின்ன வயதிலேயே பார்த்து, அதையே ஆராய்ந்து கலாநிதியானவள். எங்கள் துறையில் மூன்று வருஷ ஆராய்ச்சியாளர் பதவி ஒன்று வந்தது. அவளுடைய உதவித்தொகை முடிந்துவிட்டது. இதுவும் தவறினால் தாயோடு சேர்ந்து மொண்டெல்லோவில் விடுமுறை வீடுகள் துடைக்கப் போவதாக முடிவெடுத்திருந்தாள். படிப்பு அத்தோடு சரி.

போட்டிக்கு நின்றவர் ஒரே ஒருவர், கயத்தானோ. ஓம், போன மாதம் எனக்குப் போன் எடுத்த அதே கயத்தானோதான். எட்டு வருஷமாகக் கலோஜெரோவின் பையைத் தூக்கியவர். அவருடைய மகளுக்குக் கலோஜெரோ ஞானத்தந்தை.

தேர்வுக் குழுவில் மூன்று பேர். தலைவர் கலோஜெரோ, கத்தானியாவிலிருந்து வந்த பேராசிரியை லூச்சியா, நான். விண்ணப்பதாரர் யாரும் எனக்கு உறவில்லை என்று முதலில் எல்லாரும் கையொப்பமிட வேண்டும். நான் பேனாவை எடுத்ததும் கலோஜெரோ என் கையைத் தடுத்தார்.

“யோசித்து வையுங்கள், சிவா. அந்தப் பெண் உங்கள் உறவு அல்லவா?”

“இல்லை.”

“ஆனால் தமிழ்.”

“தமிழ்தான்.”

“அப்படியானால் தூரத்து உறவு.”

நான் யாழ்ப்பாணத்துச் சைவம், அவள் மன்னார்க் கத்தோலிக்கம், இரண்டு குடும்பமும் ஒன்றையொன்று பலெர்மோவில்தான் கண்டன என்று விளக்கினேன். அவர் ஒரு தாளில் குடும்ப மரம் கீறத் தொடங்கினார். என் அம்மம்மா வரை போய்விட்டார். நான் கேட்டேன், “நீங்களும் பேராசிரியை லூச்சியாவும் சிசிலிக்காரர். நீங்கள் உறவா?”

“அது வேறு. சிசிலி பெரிய தீவு.”

“எங்கள் தீவு இதைவிட இரண்டு மடங்கு பெரிது, பேராசிரியர்.”

அவர் நம்பவில்லை. லூச்சியா தன் போனில் தேடிப் பார்த்து உண்மைதான் என்ற பிறகே நான் கையொப்பமிட விடப்பட்டேன். முக்கால் மணித்தியாலம் போயிற்று. கயத்தானோவைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. அந்தப் படிவத்தில் ஞானத்தந்தைக்குக் கட்டம் இல்லை.

பிறகு விண்ணப்பதாரர்கள் வந்து தங்கள் ஆராய்ச்சியை விளக்கினார்கள். கயத்தானோ நன்றாகவே பேசினார், பொய் சொல்லக் கூடாது. அனுஷ்யா பேசியபோது லூச்சியாகூட ரயில் நேரத்தை மறந்து குறிப்பெடுத்தார். இருவரும் வெளியே போனார்கள். கதவு சாத்தப்பட்டது. கலோஜெரோ ஆறுதலாகச் சாய்ந்து உட்கார்ந்து பேசத் தொடங்கினார். நான் வழக்கம்போலப் பேனாவை எடுத்தேன். சாரத்தைத் தேடினேன். செலாமின் முகம்தான் வந்தது.

அன்றைக்கு நான் சாரத்தை எழுதவில்லை. சொன்னதை எழுதினேன். அந்தத் தாளின் பிரதி என்னிடம் இருக்கிறது:

‘11.05. விண்ணப்பதாரி பலெர்மோ உச்சரிப்பில் பேசுவதால் அவரிடம் சர்வதேசத் தன்மை இல்லை என்று தலைவர் கூறுகிறார்.

11.12. மற்ற விண்ணப்பதாரரும் பலெர்மோவில் பிறந்தவரே என்று உறுப்பினர் கனகசபை நினைவூட்டுகிறார். அது வேறு என்று தலைவர் கூறுகிறார்.

11.20. விண்ணப்பதாரி, தலைவர் வீட்டில் சேர்ட்டுகளுக்கு அயன் போடும் பெண்ணைப் போலவே இருப்பதால், அவர் பேசிய நேரம் முழுவதும் தான் சேர்ட்டுகளை நினைத்துக்கொண்டிருந்ததாகத் தலைவர் கூறுகிறார்.

11.26. விண்ணப்பதாரியின் கட்டுரைகள் மிகச் சிறந்தவை என்றும், ஆகவே அவற்றை யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று விசாரிக்க வேண்டும் என்றும் தலைவர் கூறுகிறார்.

11.31. பேராசிரியை லூச்சியா ரயில் நேரம் கேட்கிறார்.’

கயத்தானோவுக்கு இரண்டு வாக்கு, அனுஷ்யாவுக்கு என் ஒரு வாக்கு. அதையும் எழுதினேன். எப்படியும் பிடிபடுவேன் என்றுதான் நினைத்தேன். “வாசித்துக் காட்டட்டுமா?” என்று கேட்டேன். கள்ளமில்லாமல் ஒரு தரம் கேட்க வேண்டும் என்று மனதுக்குப் பட்டது.

“எதற்கு, காரா, அன்புச் சிவா? பதினைந்து வருஷமாக உங்களை நம்புகிறோம்.” மத்தியானம் மத்தி மீன் போட்ட பாஸ்தா சாப்பிட எங்கே போகலாம் என்று பேசிக்கொண்டே ஒவ்வொரு தாளிலும் பச்சை மையால் கையொப்பம் வைத்தார். லூச்சியா நின்றபடியே வைத்தார். வாசிக்கப்பட்டது, ஏற்கப்பட்டது, கையொப்பமிடப்பட்டது.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது. “உமக்கு வேலை போகப்போகுது.”

“போனால் போகட்டும். ஆனால் அந்தப் பிள்ளை அதைக் கேட்டு வாசிச்சால்தானே?”

அதுதான் சிக்கல். தோற்றவருக்கு வெர்பாலேயைக் கேட்டு வாங்கும் உரிமை உண்டு. முறையீடு செய்வதென்றால் அறுபது நாளுக்குள் செய்ய வேண்டும். குழுவில் இருந்த நானாக அவளிடம் ஒரு சொல் சொன்னாலும் எல்லாம் பாழ். அறுபது நாளும் நான் எண்ணினேன். ஒரு தரம் சந்தையில் அவளுடைய தாய்க்காரி எதிரே வந்தார். “பிள்ளை என்ன செய்யிறாள்?” என்று கேட்டேன். “என்னோடதான் வாறாள், அக்கா. கண்ணாடி நல்லாய்த் துடைக்கிறாள்,” என்றார். நான் வாங்க வந்த கத்தரிக்காயை வாங்காமல் வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஐம்பத்தெட்டாம் நாள் அனுஷ்யா வெர்பாலேயைக் கேட்டு வாங்கினாள், வாசித்துவிட்டு அறுபதாம் நாள் முறையீடும் கொடுத்தாள். அதை ஏன் கேட்டாள் என்று பின்னொரு நாள் சொன்னாள். மொண்டெல்லோவில் ஒரு வீட்டில் அலுமாரி நிறைய வெள்ளைச் சேர்ட்டுகளுக்கு அயன் போடும்போது, எதில் தோற்றோம் என்றாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதாம். 11.20 பற்றி அவளுக்கு அப்போது ஒன்றும் தெரியாது, கடவுளாணை.

அடுத்த வாரம் கலோஜெரோ என் அறைக்கு வந்தார். முதல் தடவையாகக் கையை முத்தமிடவில்லை.

“சிவா, என்ன எழுதி வைத்திருக்கிறீர்கள்?”

“நீங்கள் சொன்னதை.”

“மனிதர்கள் பேசுவார்கள்! பேசியதை எழுதுவதா?”

“நீங்கள் கையொப்பம் வைத்திருக்கிறீர்கள்.”

“உங்களை நம்பி வைத்தேன்,” என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. உண்மையிலேயே தனக்கு அநியாயம் நடந்துவிட்டதாக நம்பினார். ஒரு நொடி எனக்குக்கூடப் பாவமாக இருந்தது. பதினைந்து வருஷக் கோப்பிச் சீனியை நினைத்ததும் அது போய்விட்டது.

வெர்பாலேயைத் திருத்த ஒரு கூட்டம் கூட்டினார். அந்தக் கூட்டத்துக்கும் வெர்பாலே வேண்டும். குழுவின் செயலாளரை மாற்ற விதியில் இடமில்லை. ஆகவே எழுதியது நான். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. ‘தான் நினைத்தது தன்னுடைய சேர்ட்டுகளை அல்ல, பொதுவாகச் சேர்ட்டுகளை என்று தலைவர் தெளிவுபடுத்துகிறார். சேர்ட்டுகளை நினைப்பது குற்றமல்ல என்றும், தன் வீட்டுப் பெண் மேல் தனக்கு மிகுந்த மரியாதை என்றும், அவருடைய பெயர் இப்போது நினைவில் இல்லை என்றும் கூறுகிறார்.’ இந்த முறை அவர் கண்ணாடி போட்டு ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். ஒரு மணித்தியாலம் தேடினார். ஒரு காற்புள்ளி பிழையென்று கண்டுபிடித்தார். அதைத் திருத்திக் கொடுத்தேன். வேறு வழியில்லாமல் கையொப்பம் வைத்தார்.

இரண்டு வெர்பாலேயும் மேலிடத்துக்குப் போயின. தேர்வு ரத்தானது. புதுக் குழு வந்தது. அனுஷ்யாவுக்கு வேலை கிடைத்தது, மூன்று வருஷத்தில் அது நிரந்தரமும் ஆனது. அடுத்த வருஷம் கயத்தானோவுக்காகவே இன்னொரு பதவி உருவானது. இங்கே சிலபேர் விழுந்தாலும் மேலேதான் விழுவார்கள். என்னை ஒரு குழுவுக்கும் பிறகு கூப்பிடவில்லை. என் அறையைக் கொதிகலனுக்குப் பக்கத்தில் மாற்றினார்கள். எலி வளையானாலும் தனி வளை. வெர்பாலே எழுதும் தொல்லையும் ஒழிந்தது. கடைசி வருஷங்களில்தான் நான் கூட்டங்களில் வாய் திறந்து பேசினேன். மாரிகாலத்தில் என் அறை நல்ல சூடு.

கயத்தானோ போன் எடுத்த அந்தக் கிழமையே, ஞாயிறு பூசை முடிந்து அனுஷ்யா வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பை மண்டரீனோ, மற்றக் கையில் மடிகணினி.

“அன்ரி, இதை வாசியுங்கோ. நாளைக் காலமைக்குள்ளை திருத்திக் குடுக்கட்டாம்.”

கணினி எழுதிய வெர்பாலே. நைஜீரியாவிலிருந்து வந்திருக்கும் ஒரு ஆராய்ச்சி மாணவியை முதல் வருஷ வகுப்புக்கு அனுப்புவதா என்று பேசியிருக்கிறார்கள். பேராசிரியர்கள் சொன்னது எல்லாம் பெயரோடு, நிமிஷத்தோடு அச்சொட்டாக இருந்தது. ‘கயத்தானோ: அந்தக் கறுப்புப் பிள்ளை வகுப்புக்குள் போனால் துடைக்க வந்தவள் என்று மாணவர்கள் நினைப்பார்களே.’ அதற்குக் கீழே: ‘அடையாளம் தெரியாதவர்: அவவுக்கு ஒரு பெயர் இருக்கிறது, அதைச் சொல்லிக் கதையுங்கள்.’ இன்னும் கீழே: ‘அடையாளம் தெரியாதவர்: நான் எதிர்க்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.’ பக்கத்துக்குப் பக்கம் அடையாளம் தெரியாதவர் ஒருவர் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

“யாரிது, பிள்ளை?”

“நான்தான், அன்ரி. ஆளை அறிய எல்லாற்றை குரலையும் கணினியிலை முதலே பதிஞ்சு வைச்சவை. அண்டைக்கு என்னைக் கூப்பிட மறந்துபோச்சினமாம்.” சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. “ஏழு வருஷமா அங்கைதான் இருக்கிறன்.”

கணினியை என் பக்கம் இழுத்தேன். “திருத்தத்தானே சொன்னவை? திருத்துவம்.”

இவர் மண்டரீனோ உரித்து உரித்துத் தர, நாங்கள் இருவரும் சாப்பாட்டு மேசையில் இருந்து திருத்தினோம். ‘அடையாளம் தெரியாதவர்’ என்றிருந்த ஒவ்வொரு இடத்திலும் ‘பேராசிரியை மேரி அனுஷ்யா அந்தோனிப்பிள்ளை’ என்று முழுதாக எழுதினோம். ஒரு இடத்தையும் சுருக்கவில்லை. மற்றதில் ஒரு எழுத்தைத் தொடவில்லை. காற்புள்ளிகளை மட்டும் நான் இரண்டு தரம் சரிபார்த்தேன்.

திங்கள் காலை ஒன்பது மணிக்கு அனுஷ்யா அதை, நான் பார்த்துத் திருத்தியது என்று குறிப்பிட்டு, எல்லாருக்கும் கையொப்பத்துக்கு அனுப்பினாள். இப்போது பச்சை மை இல்லை, போனில் ஒரு பொத்தானை அழுத்தினால் சரி. பத்துமணிக்கு முன்னமே எல்லாக் கையொப்பங்களும் வந்துவிட்டன. முதலாவது கயத்தானோவுடையது. கீழே ஒரு வரியும் எழுதியிருந்தார்: ‘மிக நாகரிகமாக இருக்கிறது, பேராசிரியை சிவாவுக்கு நன்றி சொல்லுங்கள்.’